கெல்டர்பாக் வீட்டு நாரை

பலெர்மோவிலிருந்து ரயிலில் வந்து பகேரியா ஸ்டேஷனில் இறங்கும்போதே சிரொக்கோக் காற்று தொடங்கியிருந்தது. ஆபிரிக்கா மணலை அள்ளிக்கொண்டு வருகிற அந்தச் சூட்டுக்காற்றுக்கு ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. நாகபூசணி ஏழுமாத வயிற்றோடு, தான் வேலை செய்யும் எசமானி சிஞ்ஞோராவின் வீட்டுக்கு நடந்தாள். நேற்றுக் காலையிலிருந்து வயிற்றில் பிள்ளை துடிக்கவில்லை.

இதைப் புருஷன் கிரிசாந்திடம் அவள் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. போன வருஷம் இப்படித்தான் போனாள். டொக்டர் ஸ்கான் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு அந்தப் பிள்ளையைத் துணியில் சுற்றிக் காட்டினார்கள். அன்றைக்கு மரத்துப்போன மனசு இன்னும் இளகவில்லை. மறுபடி உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்தபோது கிரிசாந் அழுதான். அவள் அடுப்பில் கிடந்த கறியைக் கிண்டிக்கொண்டு நின்றாள். இன்றைக்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம் வரவில்லை. அதனால் வேலைக்கு வந்துவிட்டாள்.

சிஞ்ஞோரா ஒரு ஜெர்மன் பிரபு குடும்பத்துக்காரி. கெல்டர்பாக் என்று பெயர். ஜெர்மன் சக்கரவர்த்தி சிசிலியை ஆண்ட காலத்தில் குதிரையில் வந்து இறங்கிய பரம்பரை. கிழவிக்குக் கதை கேட்க ஆள் கிடைத்தால் போதும், சூப் ஆறிப்போகும். முன்னோர் ஒருவர் படையோடு சதுப்புச் சேற்றில் மாட்டிக்கொண்டாராம். ஒரு நாரை நடந்த வழியே தானும் நடந்து கரையேறினாராம். அதனால்தான் குடும்பக் கேடயத்தில் சேற்றுக்குக் கறுப்பு, அதன் நடுவில் வெள்ளி நாரை, அலகில் ஒரு விலாங்கு. நாகபூசணிக்குத் தன் பூட்டன் பெயர் தெரியாது. கெல்டர்பாக் பரம்பரை முழுக்க மனப்பாடம்.

இரண்டு கிழமைக்கு முன் சிஞ்ஞோராவின் தம்பி, கலியாணம் கட்டாத கிழட்டுப் பிரபு, மேல்மாடி அறையில் செத்துப்போனார். வயிற்றுப்பிள்ளைக்காரி செத்தவீட்டுக்குப் போகக் கூடாது. யாழ்ப்பாணத்தில் என்ன, பலெர்மோவில் என்ன, அது அதுதான். அதனால் பலெர்மோவின் கபோ பகுதியில் அவளுக்குப் பக்கத்து வீட்டிலிருக்கும் செலஸ்ரீனாதான் அவளுக்குப் பதிலாக வந்து வேலை பார்த்தாள். அங்கே என்ன நடந்தது என்று நாகபூசணி கேட்கவுமில்லை. இன்றுதான் திரும்பி வருகிறாள்.

சிஞ்ஞோரா மத்தியானத் தூக்கத்தில் இருந்தாள். மண்டபத்தில் சன்னல்கள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. மரப்பலகை இடுக்கால் விழுந்த வெளிச்சத்தில் கேடயத்தைப் பார்த்தாள். அது தலைகீழாகத் தொங்கியது. சந்தையில் காலைக் கட்டித் தொங்கவிட்ட கோழியைப் போல நாரை தலை கீழே கிடந்தது.

தூசி தட்டக் கழற்றிய செலஸ்ரீனா மாறிக் கொழுவிவிட்டாள் என்று நினைத்தாள். அவளுக்கு எதிலும் அவசரம். கேடயம் சுளகளவுதான். நாகபூசணி அதைக் கழற்றி, நிமிர்த்திக் கொழுவி, நாரையின் அலகை விரலால் துடைத்தாள்.

பிள்ளை துடித்தது.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி துடித்தது. ஏழு மாதத்தில் ஒரு நாளும் அப்படி உதைத்ததில்லை. அவளுக்குக் கண்ணீர் வரவில்லை, உதைத்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

அப்போதுதான் அந்த மணம் வந்தது. மழை கண்டு மாதக் கணக்கான வீட்டுக்குள் சேற்று மணம். ஊறிய தோல், குதிரை வியர்வை, அழுகிய நாணல். மேல்மாடியில், பூட்டிய அறையில், யாரோ கட்டிலை விட்டு எழும்பினார்கள். பலகை முனகியது.

ஒருவர் அல்ல.

கனத்த கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படியில் இறங்கின. ஈரக் கால்கள். கடைசிப் படியில் வந்து நின்றன.

அங்கே யாருமில்லை.

பின்னால் தடி தட்டுகிற சத்தம் கேட்டுத் திரும்பினாள். சிஞ்ஞோரா இரவுச்சட்டையோடு கதவடியில் நின்றாள். கேடயத்தைப் பார்த்தவளின் முகத்தில் இரத்தமே இல்லை.

"யார் இதை நிமிர்த்தியது?" என்று இத்தாலியனில் முணுமுணுத்தாள்.

நாகபூசணி சொன்னாள். கிழவி கதிரையில் சரிந்து, குரலைத் தாழ்த்திச் சொல்லத் தொடங்கினாள். கடைசி ஆண் செத்தால் கேடயத்தைத் தலைகீழாக்குவது அவர்கள் சனத்தின் வழக்கம். இன்றோடு கெல்டர்பாக் முடிந்தது என்று குழியடியில் சொல்லித் தம்பியைப் புதைத்தார்கள். அதைப் பார்த்துத்தான் முன்னோர்கள் காவலை விட்டுத் தூங்கப் போவார்கள். கேடயம் நிமிர்ந்து நின்றால் வீட்டுக்கு ஆண்பிள்ளை வந்துவிட்டது என்று அர்த்தம். அதைத் தேடி வருவார்கள்.

"திருப்பிப் போடு," என்றாள். "இப்போதே."

நாகபூசணி திருப்பிப் போட்டாள். நாரையின் தலை கீழே போனது. சேற்று மணம் சட்டென்று அடங்கியது.

வயிறும் அடங்கியது.

கையை வைத்துப் பார்த்தாள். இடப்பக்கம், வலப்பக்கம். கல். காத்திருந்தாள். வெளியே காற்று மணலை அள்ளிச் சன்னலில் எறிந்தது. திரையைத் திருப்பிக்கொண்ட டொக்டரின் கை நினைவுக்கு வந்தது. இன்னொரு துணியை அவளால் பார்க்க முடியாது. அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்தது, வேறு எந்த யோசனையும் வரவில்லை.

கேடயத்தை மறுபடி கழற்றினாள்.

"வேண்டாம்," என்றாள் கிழவி. "அது உன் பிள்ளையாக இருக்காது."

"உயிரோடு இருந்தால் போதும், சிஞ்ஞோரா."

நிமிர்த்திக் கொழுவினாள். பிள்ளை உதைத்தது. படியடியில் நின்ற கால்கள் அவளை நோக்கி நடந்து வந்தன. மிக அருகில், வயிற்றுக்கு நேரே, ஈரமான ஒரு மூச்சு. பலர் குனிந்து பார்ப்பதுபோல் இருந்தது. அவள் அசையாமல் நின்றாள்.

அன்றோடு அந்த வேலையை விட்டாள்.

ஆண்பிள்ளைதான். நல்ல நிறை, நல்ல சுகம் என்று டொக்டர் சிரித்தார். முப்பத்தோராம் நாள் கபோ வீட்டில் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்தார்கள். கீழே சந்தையில் மீன்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். செலஸ்ரீனா பாயசம் வைத்தாள். நாகபூசணி பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு அதன் முகத்தையே பார்த்தாள். வீரிட்டு அழுதது. என் பிள்ளை, என்று முதல்தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அது சந்தோஷம்தான். சந்தோஷம் என்று கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நிதுசன் என்று பெயர் வைக்க முடிவாகியிருந்தது. காதில் சொல்வதற்காகக் கிரிசாந் பிள்ளையின் வலப்பக்கம் குனிந்தான்.

அழுகை நின்றது.

பிள்ளை தலையை மெல்ல இடப்பக்கம், ஆளில்லாத பக்கம் திருப்பியது. கண்ணை அகல விரித்து, உற்றுக் கேட்டது. பிறகு வாயைத் திறந்து சிரித்தது.

"இஞ்ச பாருங்கோ," என்றாள் செலஸ்ரீனா பூரிப்போடு. "பேர் பிடிச்சிட்டுது."

நாகபூசணி கிரிசாந்தின் வாயைப் பார்த்தாள். அவன் இன்னும் பெயரைச் சொல்லவில்லை.