நாற்பத்தொன்றாவது நிமிடம்

அன்று காலையும் செண்பகவல்லி வகுப்பில் எல்லோரோடும் சேர்ந்து திடுக்கிட்டாள்.

கோவில்பட்டிப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சூசை மாஸ்டரின் அச்சப் பயிற்சி மையத்தில் விடிந்தும் விடியாமலும் வகுப்பு தொடங்கிவிடும். மாஸ்டர் ஒரு முறை கை தட்டுவார். அறுபது பேரும் மூச்சை உள்ளே இழுத்து, தோளைத் தூக்கி, கண்ணை விரிப்பார்கள். இன்னொரு முறை தட்டுவார். இப்போது நாடி இறங்க வேண்டும். அதுவும் மெல்ல இறங்க வேண்டும். சட்டென்று இறங்கினால் நடிப்பு என்று இயந்திரம் கண்டுபிடித்துவிடும்.

"செண்பகம், திடுக்கிடச் சொன்னா தும்மல் வரப்போற மாதிரி நிக்கிறியேம்மா," என்றார் மாஸ்டர். "இது மூணாவது தடவை. நாலாவது கிடையாது. ஞாபகம் இருக்கட்டும்."

ஞாபகம் இல்லாமலா இருக்கும்? மூன்று வருடமாக அவளுக்கு வேறு ஞாபகமே கிடையாது. புருஷன் குருசாமி நிலாவில், தென்முனைப் பனிச் சுரங்கத்தில் துளைப்பான் ஓட்டுகிறான். எட்டு வருட ஒப்பந்தம். மனைவி வந்து சேர்ந்துகொள்ளலாம், வீடு தருவார்கள். ஆனால் அச்சத் தகுதித் தேர்வில் தேறி வர வேண்டும். மூன்று வாய்ப்புதான். இரண்டைக் கோட்டைவிட்டாயிற்று.

இந்தத் தேர்வு எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும். நிலாவில் குடியேறிய தொடக்கத்தில் ஒரு கூடத்தின் சுவரில் 'உஸ்' என்று சத்தம் கேட்டிருக்கிறது. அங்கிருந்த ஆள், சாப்பிட்டுவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். ஒரு கூடத்தின் காற்று முழுவதும் வெளியேற இரண்டு நிமிடம் போதும். அவரும் போய்ச் சேர்ந்தார், கூட இருந்தவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். பயப்பட வேண்டிய நேரத்தில் பயப்படத் தெரியாதவனை இனி மேலே அனுப்புவதில்லை என்று நிலாக் குடியேற்ற வாரியம் முடிவு செய்தது. ஆளை ஓர் இருட்டறையில் உட்காரவைத்து ஒரு திகில் படத்தைக் காட்டுவது, மணிக்கட்டில் 'நடுக்கமானி' என்ற வளையத்தைக் கட்டி அவன் பயத்தை அளப்பது. நல்ல யோசனைதான்.

முதல் வருடமே வழக்குப் போட்டார்கள். பாடத்திட்டத்தில் இல்லாததைக் காட்டிப் பயமுறுத்தியது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. வேறு வழியில்லாமல் வாரியம் ஒரு நாவலைப் பாடநூலாக வைத்தது. 'கவிழ்த்த டம்ளர்' என்று பெயர். அப்போது அதைப் படிக்காத ஆளே இல்லை. கல்யாண வீடுகளில் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக அதைப் போட்டுக் கொடுத்தார்கள். மலைபங்களா ஒன்றில் தன்னந்தனியாக இருக்கிறாள் ஒரு பெண். தினமும் காலையில் சமையலறையில் இரண்டு காபி டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்திருக்கின்றன. அந்த இரண்டாவது டம்ளரில் குடித்தது யார்? கடைசியில் பார்த்தால், தூக்கத்தில் எழுந்து வந்து அதையும் குடித்தது அவளேதான். இந்த முடிவு கோவில்பட்டியில் பால்காரருக்குக்கூடத் தெரியும். நாவல் படமானது, அந்தப் படமே தேர்வானது. எந்த நிமிடத்தில் எவ்வளவு பயப்பட வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரிக் கோடும் வெளியிட்டார்கள். மறுநாளே பயிற்சி மையங்கள் முளைத்துவிட்டன.

முதல் தடவை செண்பகவல்லி நாவலைப் படிக்காமல் போய்க் கண்ட இடத்திலெல்லாம் பயந்தாள். தோல்வி. இரண்டாம் தடவை மனப்பாடமாகப் படித்துவிட்டுப் போனாள். பயம் வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. கொட்டாவிக்குத் தனியாக மதிப்பெண் குறைப்பு.

"படத்துல பயம் இருக்காது," என்பது சூசை மாஸ்டரின் முதல் பாடம். "உனக்குன்னு ஒரு பயம் இருக்கும்ல, அத எடுத்து வச்சுக்கோ. டம்ளரக் காட்டும்போது அத நெனச்சுக்கோ. நாடி தானா ஏறும்."

ஒருத்திக்குப் பல்லி, ஒருவனுக்கு மாமனார். செண்பகவல்லிக்கு இரண்டரை விநாடி. நிலாவுக்கு இவள் குரல் போய், அவன் குரல் திரும்பி வர ஆகும் நேரம் அது. "என்னங்க" என்று இவள் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கும் அந்த இரண்டரை விநாடியும் அவன் இருக்கிறானா இல்லையா என்று பயம் பிடித்துக்கொள்ளும். மூன்று வருடமாகியும் அது பழகவில்லை.

தேர்வுக்கு முந்தின நாள் மாலையும் பிடித்துக்கொண்டது.

"என்னங்க."

காத்திருந்தாள்.

"சொல்லு. படிச்சிட்டியா?" என்றான் குருசாமி.

"படிச்சதெல்லாம் போதும். கைகால் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது."

"அத நாளைக்கு வச்சுக்கோ. இப்பவே செலவழிச்சிராத," என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. "இங்க அலமாரில உன் பக்கத்தக் காலியாவே வச்சிருக்கேன், செண்பகம். வந்துரு."

மறுநாள் தேர்வுக் கூடத்தில் அவளைத் தவிர இருநூறு பேர். அவள் பக்கத்து இருக்கையில் அய்யலுசாமி என்ற இளைஞன். அதே மையத்தில் மாலை வகுப்பு. கண்ணை மூடி, உதட்டை அசைத்து நிமிடங்களை ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

"யக்கா, நாலாவது நிமிஷத்துல கதவு கிரீச்சுங்கும். லேசாப் பயந்தாப் போதும். அவசரப்பட்டு முழுசையும் கொடுத்திராதீங்க," என்றான்.

விளக்கு அணைந்தது. கதவு கிரீச்சிட்டது. இருநூறு பேரும் லேசாகப் பயந்தார்கள். முதல் டம்ளர் வந்தபோது கூடம் மொத்தமும் ஒரே மூச்சாக உள்ளிழுத்தது. செண்பகவல்லி இரண்டரை விநாடியை நினைத்துக்கொண்டாள், நாடி ஏறியது. கதாநாயகி விளக்கை ஏற்றியதும் இறக்கினாள். ஆனாலும் உட்கார முடியவில்லை. முதுகில் ஏதோ ஊர்வது போலிருந்தது. காலை மடக்கினாள், நீட்டினாள், செருப்பைக் கழற்றினாள், மாட்டினாள். அடுத்தது என்ன என்று எல்லாம் தெரிந்திருப்பதுதான் பெரிய அவஸ்தையாக இருந்தது. தெரிந்ததற்குக் காத்திருப்பதும் ஒரு பயம்தான், அதற்கு மாதிரிக் கோட்டில் இடம் கிடையாது.

முப்பத்தெட்டாவது நிமிடம் இரண்டாவது டம்ளர். நன்றாகவே பயந்தாள். இந்தத் தடவை தேறிவிடுவோம் என்று அவளுக்கே தோன்றியது.

நாற்பத்தொன்றாவது நிமிடம் அமைதிக் காட்சி. கதாநாயகி தோட்டத்தில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். அந்தக் கூடத்தில் காட்சிக்கு ஏற்ற வாசனையும் வரும், அதற்கென்று இருக்கைகளுக்கு அடியில் மணப்பெட்டிகள் உண்டு. ரோஜா வாசம் வந்தது. அதன் பின்னாலேயே ஒயர் தீயும் நாற்றமும் வந்தது.

செண்பகவல்லி மூக்கைச் சுளித்தாள். "தம்பி, ஏதோ கருகுது."

"ரோஜாக்கா அது."

"ரோஜா இப்படியா நாறும்?"

"படத்துக்காகச் சேத்திருப்பாங்க. நாவல்ல இல்லாததெல்லாம் சேக்கத்தான செய்றாங்க. பேசாம இருங்கக்கா, இந்த எடத்துல நாடி ஏறுனா அம்புட்டுதான்."

வரிசையின் கோடியில் மெல்லிய புகை எழுந்து திரை வெளிச்சத்தில் நெளிந்தது. எல்லோரும் பார்த்தார்கள். ஒருவர் இருமினார், இருமலை விழுங்கினார். இது கடைசி வாய்ப்பு, எழுந்தால் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அலமாரியில் காலியாக இருக்கும் பக்கம் கண்முன் வந்தது. சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, இல்லை, ஒன்றுமில்லை, ரோஜாதான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். உடம்பு கேட்கவில்லை. உடம்பு எழுந்துவிட்டது.

"புகை வருது. எந்திரிங்க எல்லாரும்," என்றாள்.

"மறைக்குதும்மா, உக்காரு," என்றது பின்வரிசை.

அவள் பல பேர் காலை மிதித்துக்கொண்டு ஓடினாள். வாசலில் நின்ற கண்காணிப்பாளர், "வெளிய வந்தா மறுபடி உள்ள விட மாட்டோம்," என்றார். "நான் போகலைய்யா, அவங்கள வெளிய கூப்பிடுங்க," என்றாள். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினார். படம் நின்றதும் உள்ளே விசில் அடித்தார்கள். புகை நடுவிலிருந்து அவர்களைக் கையைப் பிடித்து இழுத்துத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. பார்க்காமல் விட்ட காட்சிகளுக்குக் கருணை மதிப்பெண் வேண்டும் என்று வாசலிலேயே கோஷம் போட்டார்கள்.

அதையும் கொடுத்தார்கள். எல்லோரும் தேறினார்கள். செண்பகவல்லி மட்டும் தோல்வி. காரணம்: அமைதிக் காட்சியில் அளவுக்கு மீறிய அச்சம்.

குருசாமியிடம் சொன்னாள். இரண்டரை விநாடி கழிந்தது. அதற்கு மேலும் கொஞ்சம் கழிந்தது.

"கொஞ்சம் பொறுத்திருக்கலாம்ல," என்றான்.

"தீப்பிடிச்சிருச்சுங்க."

"மத்தவங்க உக்காந்துதான இருந்தாங்க. இருநூறு பேரு. அவங்களுக்கு மட்டும் உசிரு வெல்லம் இல்லையா?"

அவள் ஆத்திரத்தில் இணைப்பைத் துண்டித்துவிட்டு அழுதாள். அவன் மீது ஆத்திரம், அதைவிடத் தன் மீது. மூன்று வருடம் பயப்படப் படித்தும் ஐந்து நிமிடம் பயப்படாமல் இருக்கத் துப்பில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் செய்தி பரவியது. எவனோ மறுபடி வழக்குப் போட்டான். இந்த முறை நீதிபதி ஒரு கேள்விதான் கேட்டார்: இந்தத் தேர்வை நீங்கள் எதற்காக வைத்தீர்கள்? வாரியத்து வக்கீல் பழைய 'உஸ்' சத்தத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் அவருக்கே விளங்கிவிட்டது, நிறுத்திவிட்டார். இருநூறு பேரின் தேர்ச்சியும் ரத்தானது. செண்பகவல்லி ஒருத்திதான் தேறியவள் என்று அறிவித்தார்கள். அதோடு நிற்காமல், இனி அவளுடைய பயக்கோடே மாதிரிக் கோடு என்றும் வாரியம் ஆணை போட்டது. படம் அதேதான், கோடு மட்டும் புதிது.

ஒரு வாரத்துக்குள் ஊரெங்கும் அவள் படம் போட்ட தட்டிகள். அவள் வாசல் மிதிக்காத மையங்கள்கூட "எங்கள் மாணவி" என்று போட்டிருந்தன. சூசை மாஸ்டரின் தட்டிதான் எல்லாவற்றிலும் பெரியது. விடைபெறப் போனவளிடம் அவர் கொஞ்சமும் கூசாமல், "நம்ம கோச்சிங் இல்லாமலா அந்தப் பயம் வந்துச்சு?" என்றார்.

உள்ளே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் அய்யலுசாமி. மாஸ்டர் கை தட்டினார். அறுபது பேரும் ஒரே நேரத்தில் எழுந்து, "புகை வருது, எந்திரிங்க எல்லாரும்," என்று சொல்லிக்கொண்டு கதவைப் பார்த்து ஓடினார்கள்.

"நாப்பத்தொண்ணுல எந்திரிக்கணும்," என்று மாஸ்டர் அதட்டினார். "நாப்பதுல எந்திரிச்சவன் யாரு? மதிப்பெண் போச்சு."

செண்பகவல்லி அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. ஏறவேண்டிய விண்கலத்துக்கு நேரமாகிவிட்டது.

நிலாவில் குருசாமி வாசலிலேயே நின்றிருந்தான். கொண்டுபோன கடலை மிட்டாயைக் கையில் கொடுத்து, "என்னங்க," என்றாள். "சொல்லு," என்று உடனே பதில் வந்தது. அதைக் கேட்பதற்காகவே அன்று முழுக்கக் காரணமில்லாமல் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருடம் அந்த இருநூறு பேரும் முழு மதிப்பெண் வாங்கி வந்து சேர்ந்தார்கள். வரவேற்பு விழாவுக்கு என்ன ஏற்பாடு செய்யலாம் என்று வாரியம் யோசித்து, அவர்களுக்கு மிகவும் பழக்கமான ஒன்றையே தேர்ந்தெடுத்தது. பெரிய கூடத்தில் திரை கட்டி 'கவிழ்த்த டம்ளர்' போட்டார்கள். செண்பகவல்லி குருசாமியோடு பின்வரிசையில் இருந்தாள். முன்னால் அய்யலுசாமி திரும்பிப் பார்த்து, "யக்கா, நீங்க போட்ட கோடுதான்க்கா எங்களக் கரை சேத்துச்சு," என்று கும்பிட்டான்.

கதவு கிரீச்சிட்டது. லேசாகப் பயந்தார்கள். முதல் டம்ளர் வந்தது. செண்பகவல்லிக்கு மறுபடி முதுகில் ஊர்ந்தது. பழைய தோஷம், படம் முடிந்தால் சரியாகிவிடும் என்று காலை மடக்கினாள், நீட்டினாள்.

இரண்டாவது டம்ளரைக் காட்டினார்கள். அப்போது அவளுக்குக் காது அடைத்தது.

எச்சில் விழுங்கிப் பார்த்தாள். மறுபடி அடைத்தது. இடதுபக்கச் சுவரில் 'உஸ்' என்று ஒரு சத்தம். ஓரத்தில் சிவப்பு விளக்கு சுழன்றது. அபாயச் சங்கு ஊத ஆரம்பித்தது.

"எந்திரிங்க," என்றாள் குருசாமியிடம்.

அவன் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். ஆனாலும் பதில் வர அதே இரண்டரை விநாடி ஆனது. பாதி எழுந்தான், கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். இருநூறு பேரும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பாதி எழுந்தவன் அப்படியே நின்றான்.

செண்பகவல்லி அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கதவுவரை இழுத்து வந்துவிட்டாள். கதவின் பிடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு திரும்பினாள். "காத்து போகுது. எல்லாரும் வெளிய வாங்க," என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

அய்யலுசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஓடுவதற்கு வாகாகச் செருப்பை ஏற்கெனவே மாட்டிக்கொண்டு நுனி நாற்காலியில் தயாராகத்தான் இருந்தான்.

"தெரியும்க்கா. அதுக்குள்ள என்ன அவசரம், உக்காருங்க. இன்னும் மூணு நிமிஷம் இருக்கு."