பச்சை விழுந்த நிலம்

மண் பரிசோதனைக் குழிக்குள் செண்பகராஜ் குப்புறக் கிடந்தான். பின்மண்டையில் ரத்தம். நல்லவேளை, மூச்சு இருந்தது. கையிலிருந்த டேப்லெட்டைத்தான் காணவில்லை. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஈரக் கரிசலில் ஓடிவந்த ஜெயப்பிரியா உடனே ஆம்புலன்ஸுக்கு போன் போட்டாள்.

உளுந்துக்கு ஏற்ற நிலம் எது என்று செயற்கைக்கோள் படத்தையும் மண்ணையும் வைத்து வரைபடம் போடுவது இருவருக்கும் வேலை. கயத்தாறு பக்கம் சோலைச்சாமியின் புன்செய்க் காட்டுக்கு நேற்றுதான் பச்சை விழுந்தது. பச்சை என்றால் முதல் தரம். அந்த அளவுகள் டேப்லெட்டில் மட்டுமே இருந்தன.

காலை எட்டு மணி. ஆம்புலன்ஸ் போனதும் எஸ்.ஐ. பொன்மணி குழியைச் சுற்றிப் பார்த்தார்.

"வெறுங்கால் தடம். குழி தோண்டக் கூடாதுன்னு நேத்து சண்டை போட்டது யாரு?"

"நாந்தான்," என்றார் சோலைச்சாமி. "அதுக்காக மண்டையை உடைப்பனா தாயீ?"

அவர் பாதம் முழுக்கச் சேறு. அது போதாதா? ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

சோலார் கம்பெனிக்கு நிலம் பிடிக்கும் தரகர் உக்கிரபாண்டி ரோட்டோரம் நின்றிருந்தார். "நான் காட்டுல கால் வைக்கவே இல்ல மேடம்," என்று செருப்பைத் திருப்பிக் காட்டினார். அடியில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

"ஏறும்மா, ஆஸ்பத்திரியில விட்டுருதேன்."

ஜெயப்பிரியா அவர் காரில் ஏறினாள். ஜீப் முன்னால் போனது. உக்கிரபாண்டி செருப்பைக் கழற்றிக் காருக்குள்ளேயே ஓரமாகத் தள்ளிவிட்டு வண்டியை எடுத்தார். தற்செயலாகக் குனிந்து பார்த்தாள். செருப்பின் மேல்பக்கத்தில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. சேற்றுக்காலோடு மாட்டியிருந்த தன் செருப்பைப் பார்த்தாள். அதிலும் அதே தடம்தான்.

ஐயோ, இந்த ஆளோடா தனியாக வருகிறோம்!

"என்னம்மா இப்படி வேர்க்குது?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஜீப் நின்றது, பின்னால் காரும் நின்றது. அவர் செருப்பில் ஒன்றைப் பறித்துக்கொண்டு கதவைத் திறந்து ஓட்டமெடுத்தாள்.

"மேடம்! அடிச்சது உக்கிரபாண்டி!"

மூச்சு வாங்கச் சொன்னாள்: "மழை பேஞ்ச கரிசல்ல செருப்போட யாரு நடப்பா? ஒட்டிப் பிடிச்சு இழுத்துரும். இந்த ஊர்க்காரர்தானே, பழக்கத்துல ரோட்டுலயே கழட்டிப் போட்டுட்டு இறங்கியிருக்கார். திரும்பி வந்து காலை ஒப்புக்குக் கழுவி மாட்டியிருக்கார். நீங்க அடியத்தான் பார்த்தீங்க, மேல பாருங்க. பச்சை விழுந்த அளவு தொலைஞ்சாத்தானே, ஒண்ணுமே விளையாத நிலம்னு சொல்லி இவர் அடிமாட்டு விலைக்கு வாங்க முடியும்?"

கார் சீட்டுக்கடியில் டேப்லெட் கிடைத்தது. பொன்மணி உக்கிரபாண்டியை ஜீப்பில் ஏற்றினார்.

சோலைச்சாமி ஜீப்பைவிட்டு இறங்கினார்.

"அப்போ என் காடு பச்சைதானே தாயீ?"

"பச்சைதான் அண்ணாச்சி," என்றவள் அந்தச் செருப்பை இன்னும் விடாமல் பிடித்திருந்தாள்.