சுத்தச் சேர்வராயன்

நெடுங்குழியில் காலை ஆறு மணிக்குக் கோப்பைகள் பேசத் தொடங்கிவிடும். செவ்வாயின் மண்ணுக்கடியில் நாலாயிரம் பேர் வாழ்ந்த ஊர் அது. எந்தப் பானத்தை ஊற்றினாலும், அதில் என்ன இருக்கிறது என்று வியாபாரி பதிந்துவைத்ததைக் கோப்பையில் பதித்த சொல்சில்லு உரக்கச் சொல்லியாக வேண்டும். சட்டம் அப்படி.

ஜெசிந்தாவின் கடைக் கோப்பை உள்ளதைச் சொன்னது. “சேர்வராயன் மலைக் காப்பி பத்துப் பங்கு. நெடுங்குழிக் குகைக் காப்பி தொண்ணூறு பங்கு.”

கேட்டதும் பாதிப் பேர் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்கள். “கலப்படமா?”

“கலப்படம் இல்லீங்க, கலவை. சொல்லித்தானே தர்றேன்” என்பாள் அவள்.

எதிர்க்கடை வடமலையானின் கோப்பையோ “சுத்தச் சேர்வராயன்” என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொள்ளும். வரிசை அங்கேதான் வளைந்து நின்றது. பூமியிலிருந்து வருஷத்துக்கு ஒரு கப்பல், அதில் ஊருக்கே நாலு மூட்டை காப்பிக்கொட்டை. இதில் ஒருவன் தினம் எண்ணூறு கோப்பை எப்படி ஊற்றுகிறான் என்று யாரும் கேட்கவில்லை.

ஜெசிந்தாவுக்குக் கேட்டே ஆக வேண்டிய நிலை. எந்த விளைச்சலை ஊர் விரும்பிக் குடிக்கிறதோ அதற்குத்தான் ஊரை ஆளும் மன்றம் தண்ணீர் விடும். விளக்கொளியில் பதினோரு வருஷம் அவள் வளர்த்த இருநூற்றுப் பன்னிரண்டு செடிகளுக்கு இந்த வருஷம் பாதித் தண்ணீர்தான். இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியிருந்தது. மன்றத்தில் புகார் எழுதிக் கொடுத்தாள்.

சோதனை அதிகாரி மூலமானியோடு வந்தார். ஒரு சொட்டு விட்டால் போதும், அதில் கரைந்திருக்கும் தாதுக்களை வைத்து எந்த மண்ணில் விளைந்தது என்று சொல்லிவிடும் கருவி அது. ஜெசிந்தாவின் காப்பிக்கு அவள் சொன்ன கணக்கே வந்தது. வடமலையானின் காப்பிக்குக் கருவி கொஞ்சம் தயங்கியது.

“எந்த மண்ணும் இல்லை” என்றது. அது செடியில் விளைந்ததே அல்ல, நொதித்தொட்டியில் ஊறவைத்த சாறு.

வரிசையில் நின்றவர்கள் கோப்பைகளை வைத்துவிட்டுக் கலைந்தார்கள். நாளை எல்லாரும் தன் கடைக்கு வருவார்கள் என்று ஜெசிந்தா கூடுதலாக இரண்டு படி வறுத்து வைத்தாள்.

மறுநாள் வந்தவர் நாகசுந்தரம் ஒருவர்தான். ஓய்வுபெற்ற வாத்தியார், மன்றத்தின் மூத்த உறுப்பினர்.

“காலையில ஒரு வாய் நிம்மதியா குடிச்சிட்டிருந்தோம். அதையும் கெடுத்துட்டியேம்மா” என்றார்.

“நானா சார் ஏமாத்தினேன்?”

“அவன் ஏமாத்தினது எங்களுக்குத் தெரியாம இருந்துச்சு. நீ தெரிய வச்சுட்டே.”

அந்த வாரமே மன்றம் கூடித் தீர்ப்புச் சொன்னது. சேர்வராயன் என்பது ஓர் இடமல்ல, ஒரு சுவை. ஆகவே வடமலையான் பொய் சொல்லவில்லை.

தீர்ப்பு வந்த அன்று அவனே அவளைத் தேடி வந்தான். “கோவிச்சுக்காதக்கா. உன் கொட்டையை எனக்குக் குடு. என் கோப்பையில ஊத்துறேன். ஊர் குடிக்கும், செடிக்குத் தண்ணி வரும். பேரு மட்டும் என்னோடது.”

கருகிய இலைகள் நினைவுக்கு வர, ஜெசிந்தா தலையசைத்தாள்.

அடுத்த நாள் காலை அவளே வடமலையானின் கடையில் நின்று தன் கொட்டையில் காப்பி இறக்கினாள். “சுத்தச் சேர்வராயன்” என்றது கோப்பை. நாகசுந்தரம் ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்துத் துப்பினார்.

“என்ன வடமலை, எதையாச்சும் கலந்துட்டியா? ஏதோ மண்வாடை அடிக்குது. மூணு தலைமுறையா சுத்தமானதைக் குடிச்ச நாக்குப்பா இது!”

பின்னால் நின்றவர்களும் தங்கள் கோப்பைகளை முகர்ந்து பார்த்தார்கள். வடமலையான் ஜெசிந்தாவின் பக்கம் திரும்பவே இல்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் தொட்டியிலிருந்து புதிதாகப் பிடித்துக் கொடுத்தான். திறந்த வானத்தைப் பிறந்ததிலிருந்து பார்த்தறியாத நாகசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டார்.

“இது! மலைக்காத்து அப்படியே மூக்குல ஏறுது” என்றார்.

அன்று மத்தியானம் குகைத் தோட்டத்தின் குழாயை மூடிவிட்டார்கள். ஜெசிந்தாவின் கையில் கொடுத்த ஆணையில் காரணம் ஒரே வரியில் இருந்தது: ஊரின் காப்பியில் கலப்படம் நேராமல் தடுக்க.