கதவுக்கு அந்தப் பக்கம்

சாக்கடைக் குழாயிலிருந்து ஏறி வந்த தம்பியிடம் சாக்கடை நாற்றமே இல்லை.

அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டப்பகலை இருட்டாக்கிக் கொட்டிய மழை தகரக் கூரையை அதிரவைக்க, கரையை முட்டிக்கொண்டு உறுமியது ஆறு. கழிவுநீரேற்று நிலையத்தில் அவள் ஆபரேட்டர், அவன் ஃபிட்டர். போன வருட மழையில் ஆறு குழாய்க்குள் புகுந்து, தாழ்வான தெருக்களின் கழிப்பறைகள் வழியே வீடுகளுக்குள் பொங்கியது. அதன் பிறகுதான் குழாயின் வாயில் இந்த இரும்புக் கதவைப் போட்டார்கள். அதில் சிக்கிய குப்பையை இழுக்கத் தம்பி கதவுக்கு அந்தப் பக்கம், ஆற்றுப் பக்கம் போயிருந்தான். மேலே ஏற ஏணி இந்தப் பக்கம் மட்டும்தான். உள்ளே போகிறவன் கதவின் சாவியைத் தன் பையிலேயே எடுத்துப்போவான். அவன் திரும்பாமல் கதவு இறங்காது.

"சாவி எங்கடா?"

"தண்ணில விழுந்துடுச்சுக்கா. மாத்துச் சாவியப் போடு. திட்டறத அப்புறம் திட்டிக்கோ."

கூடப் பிறந்தவன் கண்ணெதிரே நிற்கிறான். போட்டாள். கதவு இறங்கியது.

டங்.

கீழேயிருந்து. இரும்பின் மேல் ஸ்பானர். சின்ன வயதில் குளியலறைக் கதவைத் தட்டி அவளை விரட்டும் அதே அவசரம்.

"குப்பை மோதுதுக்கா," என்றான், நாற்காலியில் போய் உட்கார்ந்திருந்த தம்பி. அவன் காலடியில் தரை நனையவே இல்லை.

"அக்கா! தூக்குக்கா!" கீழேயும் அவன் குரல்தான்.

அவள் விரல் கதவைத் தூக்கும் பொத்தானுக்குப் போனது. இந்த வெள்ளத்தில் ஒருமுறை தூக்கினால் கதவு மறுபடி இறங்காது. தாழ்வான தெருவில், தரைத்தளத்தில், காய்ச்சலில் படுத்திருக்கிறாள் மகள்.

"பாப்பா தூங்கிட்டிருப்பா," என்றான் நாற்காலியில் இருந்தவன், மெதுவாக. "திறக்காதே."

எது என் தம்பி? இத்தனை வருடம் சோறு போட்டு வளர்த்தவளுக்குத் தெரியாதா? தெரியவில்லை.

ஸ்பானர் நின்றது. இப்போது வெறுங்கை. தசையும் இரும்பும் மோதும் சத்தம்.

அழுத்து.

அழுத்தவில்லை. விரலை எடுக்கவுமில்லை.

ஒரு தட்டல். நெடுநேரம் கழித்து இன்னொன்று. பிறகு ஆறு மட்டும்.

நாற்காலி நகர்ந்தது. அவன் வந்து அவள் மணிக்கட்டைப் பற்றி, பொத்தானிலிருந்து மெல்ல விலக்கினான்.

"வாக்கா. பாப்பாவைப் பார்க்கப் போலாம்."

சில்லென்றிருந்தது பிடி. குனிந்து பார்த்தாள். அந்த விரல் முட்டிகளில் தசை இல்லை. ரத்தமும் இல்லை. இரும்பில் தட்டித் தட்டித் தேய்ந்து, தண்ணீர் கழுவிவிட்ட வெள்ளை எலும்பு.