தூதி கேட்ட நாணயம்

மேற்கே பனங்காடுகளுக்குள் கதிரவன் மறைந்ததும், கீழ்க்கடலிலிருந்து எழுந்த முழுமதி செவ்வல்லியாற்றின் கழிமுகம் முழுவதையும் வெள்ளி நீராக்கிய அந்த அந்திப்பொழுதில், எந்த அரசருக்கும் உட்படாத ஆற்றிடைத் திட்டிலிருந்த நடுவர் மண்டபத்தின் வாயிலில் வாளோடு காவல் நின்ற படைத்தலைவன் கொற்றவேலனுக்கு நிலவே பிடிக்கவில்லை. எப்படிப் பிடிக்கும், வாசகர்களே? இதே போன்றதொரு நிலவில்தான் வணிகர் சாத்தனாரின் மகள் பவளநங்கை அவனைக் கண்ணீரோடு எல்லைப் போருக்கு வழியனுப்பினாள். அவன் திரும்பியபோது துறைமுகம் கரிந்து கிடந்தது. தந்தையும் மகளும் தீ விபத்தில் மாண்டனர் என்றார் அவனுடைய மன்னர் விடங்கப் பேரரையர். தின்ற சோற்றுக்கு விசுவாசமாக அவனும் அதை நம்பித் தொலைத்தான்!

இன்று மண்டபத்துக்குள் உண்மை அம்பலமாகிவிட்டது. கடல்கடந்த வணிகக் குழுவின் பொருளைக் கொட்டிச் சாத்தனார் கட்டிய துறையையும் பண்டசாலைகளையும் மன்னரே பறித்துக்கொண்டு, எதிர்த்தவர்கள் இருந்த பகுதிக்குத் தீயிட்டு, அவரைச் சிறையில் சாகடித்தார் என்று நடுவர்கள் தீர்ப்புரைத்திருந்தார்கள். வணிகக் குழு மரக்கலங்களை நிறுத்திவிட, போர்க்குதிரைகள் வராமல் திணறிய பேரரையர் இந்த அவைக்குக் கட்டுப்படுவதாக முன்பே சத்தியம் செய்திருந்தார். ஆகவே இழப்பீடு கொடுத்தே தீரவேண்டும். எந்த நாணயத்தில் என்பதுதான் பாக்கி.

"தேர்வு வென்றவரின் உரிமை," என்றார் முதுநடுவர் ஐயாறனார். "தூதியாரே! சீனத்துப் பொன்னா, அரபுத் தீனாரா, ஈழக்காசா?"

துக்கம் காப்பதாகச் சொல்லி முகத்திரையிட்டிருந்த வணிகக் குழுவின் தூதி எழுந்தாள். "பேரரையர் தம் முத்திரை பொறித்து வெளியிடும் பொற்காசே போதும், ஐயா."

அவை திகைத்தது. பாவம், ஏமாளிப் பெண் என்று கொற்றவேலன் வருந்தினான். பேரரையரோ வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எம் காசின் அருமை தெரிந்தவள்! பத்தரை மாற்றுத் தங்கம் அது. இந்த அவையில் ஆணையிட்டுச் சொல்கிறோம்!"

"மகிழ்ச்சி. இத்திட்டின் வழக்கப்படி ஒரு காசை உருக்கிப் பார்த்துவிடலாமே?"

மன்னரின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் நாட்டில் அரச முத்திரைக் காசை வெட்டினாலோ உருக்கினாலோ கையை வாங்கிவிடுவார்கள். அதனால் அதன் உட்புறத்தை எவரும் கண்டதில்லை. அந்த ஆணை உலகமெங்கும் செல்லும் என்று நினைத்துவிட்டார் மனிதர்! இத்திட்டிலோ எந்த அரசரின் காசானாலும் முதலில் நெருப்பைத்தான் பார்க்கவேண்டும்.

"படைத்தலைவரே, உங்கள் வீரர் ஒருவரின் சம்பளக் காசைக் கொடுங்கள். நான் கொடுத்தால் அரசர் சந்தேகப்படுவார்."

கொற்றவேலன் தன் மடியிலிருந்தே ஒன்றை எடுத்துக் கொடுத்தான். மண்டபத்துத் தட்டான் உலையை ஊதினான். உருகிக் குளிர்ந்த கட்டியை அவன் வெட்டிக் காட்டியபோது அத்தனையும் செக்கச்செவேலென்று செம்பு! காசின் மேலே பூசியிருந்தது மட்டுமே பொன்.

"எல்லையில ரத்தம் சிந்துனதுக்கு இதுதான் கூலியா?" என்று கத்தினான் ஒரு கிழ வீரன். காசுகள் மன்னரின் காலடியில் வந்து விழத் தொடங்கின.

"கொற்றவேலா! அந்தச் சூனியக்காரியை வெட்டிப்போடு!" என்று அலறினார் பேரரையர்.

கொற்றவேலன் வாளை உருவினான். தூதி முகத்திரையை விலக்கினாள். ஒரு கன்னம் தீயில் வெந்து சுருங்கியிருந்தது. மறு கன்னத்தை அவன் கனவிலும் மறந்ததில்லை.

"பவளம்!"

அவள் அவனைப் பார்க்கவில்லை. "உம் தீயிலிருந்து தப்பி வணிகக் குழுவிடம் சேர்ந்தேன். சிறையில் என் தந்தை ஒரு வாய்த் தண்ணீர் கேட்டுச் செத்தார், பேரரையரே! சீனத்துப் பொன்னைக் கேட்டிருந்தால் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பீர். இனி உம் காசை ஒரு கடைக்காரனும், ஒரு கூலியாளும், ஒரு வீரனும் தொடமாட்டார்கள். அதுதான் நான் கேட்ட இழப்பீடு."

கொற்றவேலன் மன்னரை நெருங்கினான். இத்தனை காலம் இந்த மனிதருக்கா காவல் நின்றோம் என்று வெட்கினான். வாளை மன்னரின் மார்பை நோக்கித் திருப்பினான்.

"சோற்றுக்கடன் தீர்ந்தது! சாத்தனார் கிடந்த அதே சிறையில் இவரை அடைக்காமல் இவ்வாள் உறையேறாது. இது சத்தியம்! பவளம், அங்கே இவர் தண்ணீர் கேட்டால், நீ கொடுக்கச் சொன்னால்தான் கொடுப்பேன்."

"சொல்லமாட்டேன்," என்றாள் பவளநங்கை.