முறைத்துப் பார்க்கவும்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வீட்டுக் கதவுகள் காணாமல் போயின.

மாடு ஈயை விரட்டத் தோலைச் சிலிர்க்குமே, அப்படி ஒரு முறை சிலிர்த்துக்கொண்டன சுவர்கள். போன வாரத்துப் போலிச் செங்கல் கரைந்தது. ஈர சிமென்ட் நிறத்தில் ஒரு சாம்பல் தரையிலிருந்து கூரை வரை ஏறியது. கதவுகள் இருந்த இடத்திலும் அதே சாம்பல். ஒரு கோடு இல்லை, கைப்பிடி இல்லை.

"இந்த வாரம் உங்கள் குடியிருப்பின் விருப்பம், மறைகதவு! வாழ்த்துகள்!" என்றது சுவர், தேன் தடவிய பெண் குரலில்.

"யாருடி விரும்பினது?" என்று வாயில் பற்பசை நுரையோடு சுவரைக் கேட்டாள் மிருதுளா. சுவர் பதில் சொல்லவில்லை. அது கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சுவர் இல்லை.

அப்புறம்தான் உறைத்தது. லோகித் எங்கே?

ஓடினாள். கூடத்தின் கோடியில் சாம்பல் சுவரில் ஒரு பொத்தல் திறந்திருந்தது. அதன் வழியே மழைச்சாரல் உள்ளே அடித்தது. அவள் கணவன், தோளில் துண்டு, கையில் சோப்புப் பெட்டியோடு பால்கனியில் நின்றிருந்தான். குளியலறைப் படி என்று நினைத்து, கைப்பிடிச் சுவரை ஒட்டிய திட்டில் ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தான். அடுத்த காலையும் தூக்கப் போனான்.

பதினாலாவது மாடி.

மிருதுளா அவன் பனியனை முதுகுப்பக்கம் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். இருவரும் கூடத்தில் வந்து விழுந்தார்கள்.

"ஷவர் ஏன் இவ்ளோ சில்லுன்னு இருக்கு?" என்றான் லோகித். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். "பால்கனியா மிரு?"

"ஆமா."

"ரெண்டு கதவும் பக்கத்துப் பக்கத்துல வெச்சு வீடு கட்டினவன் கைல கெடச்சா..." என்று ஆரம்பித்தான். பாதியிலேயே நிறுத்தி, தரையில் உருண்ட சோப்புப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

*

லோகித் ஒரு காலத்தில் நாற்பது மாடி உயரத்தில் பளுதூக்கிக் கிரேன் ஓட்டியவன். கண்ணை மூடிக்கொண்டு ஊரின் எட்டுத் திசையும் காட்டுவான். நாலு மாதத்துக்கு முன் ஓர் இரும்புக் கம்பி மேலிருந்து நழுவித் தலைக்கவசத்தைப் பதம் பார்த்தது. பேச்சு போகவில்லை, நினைவு போகவில்லை, கிண்டல் சுத்தமாகப் போகவில்லை. போனது ஒன்றே ஒன்றுதான். எந்த இடம் எங்கே இருக்கிறது என்ற வரைபடம் அவன் தலையில் தங்குவதில்லை. அடையாளத்தை வைத்துத்தான் நடப்பான். டாக்டர் சொன்னது, "மாறாத ஒரு வீட்டுல ஆறு மாசம் இருந்தார்னா மூளை தானா கத்துக்கும். முக்கியமா, எதையும் மாத்தாதீங்க."

எதையும் மாற்றாத வீடு! 2063-ல் அப்படி ஒன்றை எங்கே போய்த் தேடுவது?

கோடையில் ஐம்பது டிகிரியைத் தொடும் ஊரில் சுவர்த்தோல் இல்லாமல் குடியிருக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. சுவர்மேல் ஒரு விரல் கனத்துக்குப் படர்ந்து, வெயிலைக் குடித்து, வீட்டைக் குளிர வைக்கும் உயிர்ப்பூச்சு அது. அதுவரைக்கும் நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் அதைத் தயாரித்த நவரூபம் நிறுவனம், கூடவே அலங்காரத்தையும் இலவசமாகச் சேர்த்துவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் ஒரே புது வேடம். ஒரு வாரம், புத்தகமே இல்லாத வீட்டில் புத்தக அலமாரி ஓவியம். ஒரு வாரம், கூரையில் கல்யாண மண்டபத்து ஊதா விளக்கு. ஒரு வாரம் எல்லாச் சுவரிலும் கோணல் எழுத்தில் 'சிரி! நேசி! மூச்சு விடு!' மூச்சு விடச் சொல்லிச் சுவர் நினைவூட்ட வேண்டிய நிலைமையில் யாரும் இருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஸ்டிக்கர் ஒட்டினால் தோல் உதிர்த்தது. பெயின்ட் அடித்தால் தின்றது. பால்கனிக் கதவு அவசர வழி, பூட்டக் கூடாது. குறுக்கே நாற்காலி போட்டாள். லோகித் அதை நகர்த்தி உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு அங்கேயே விட்டுவிட்டான்.

"யாருக்குமே பிடிக்கலியே சார்! அப்புறம் யார் விருப்பம் இது?" என்று சங்கச் செயலாளர் சத்தியசீலனை லிஃப்டில் மடக்கினாள்.

"எனக்கே பிடிக்கலைம்மா. நேத்து எங்க வீட்டுக் கதவுலயே முட்டிக்கிட்டேன்." அவர் நெற்றியில் வீக்கம் இருந்தது. "கண்றாவி! அதைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது. நாளெல்லாம் பாத்துப் பாத்து எரிச்சல்படறேன்."

*

பன்னிரண்டாவது புகாருக்குப் பிறகு நவரூபத்திலிருந்து ஒரு பழுதுநோக்கி வந்தான். பெயர் ஹபீப், இருபத்தாறு வயது, பணிவான முகம். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லா வேலை செய்யுது மேடம்" என்றான்.

"அதுதாம்ப்பா புகாரே!"

மிருதுளா அவனைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பால்கனித் திட்டைக் காட்டினாள். நடந்ததைச் சொன்னாள். ஹபீப் கீழே எட்டிப் பார்த்தான். பிறகு லோகித்தைப் பார்த்தான். உள்ளே வந்து, சுவருக்குக் கேட்காத குரலில் பேசினான்.

"வெளில சொல்லாதீங்கக்கா, வேலை போயிடும். தோல்ல விழித்துகள்னு ஒண்ணு இருக்கு. யார் எதை எவ்ளோ நேரம் பாக்கறாங்கன்னு கணக்கெடுக்கும். வீட்டுல, வராந்தாவுல, லிஃப்ட் வாசல்ல, எல்லா இடத்துலயும். அதிகமா பாக்கறது எதுவோ, அது அடுத்த வெள்ளிக்கிழமை எல்லா வீட்டுக்கும்."

"பாத்தா? பாத்தா பிடிச்சிருக்குன்னு அர்த்தமா?"

"மொதல்ல கேட்டுத்தான் பாத்தாங்கக்கா. நம்ம ஜனங்க யாரு கேட்டாலும், எதைக் கேட்டாலும் 'நல்லாருக்கு'ன்னுதானே சொல்வாங்க? கிரகப்பிரவேசத்துக்குப் போனா மூஞ்சிக்கு நேரா யாராச்சும் நல்லால்லன்னு சொல்லியிருக்கமா? அதனால கேக்கறத விட்டுட்டு, கண்ணை நம்பறாங்க. கண்ணு பொய் சொல்லாதாம்."

மிருதுளாவுக்குச் சிரிப்பதா சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. சத்தியசீலன் நாளெல்லாம் பார்த்துப் பார்த்து எரிச்சல்படுகிறார். நானூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் அதே கதை. சுவர் அதையெல்லாம் காதல் என்று குறித்துக்கொள்கிறது!

"அப்ப யாரும் பாக்கலைன்னா?"

"போயிடும். ஒரு வாரத்துல கண்ணு பழகிடுதில்ல? பார்வை கொறையும். அதை விடக் கண்றாவியா ஒண்ணு எங்கயாச்சும் மொளைக்கும். எல்லாரும் அதைப் பாப்பாங்க. அது வரும்." ஹபீப் பையை மாட்டிக்கொண்டான். "கதவுல பாத்ததைக் கதவுல போடும், கூரைல பாத்ததைக் கூரைல. அவ்ளோதான் அதுக்குத் தெரிஞ்ச புத்தி."

அந்தக் கடைசி வாக்கியத்தை மிருதுளா பிடித்துக்கொண்டாள்.

*

கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில், மின்மீட்டர் அறைக்குப் பழைய இரும்புக் கதவு ஒன்று இருந்தது. கட்டடத்திலேயே தோல் படராத ஒரே கதவு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதற்குப் பச்சைப் பெயின்ட் அடித்தாள். கண்ணுக்கு இதமான, கொய்யா இலைப் பச்சை. சுற்றிலும் வெள்ளைச் சட்டம். கதவு என்றால் கதவு மாதிரி.

லிஃப்டுக்கு நிற்கிறவர்கள் பார்ப்பார்கள். பார்த்தால் எல்லா வீட்டுக்கும் பச்சைக் கதவு வரும். லோகித் பிழைப்பான்.

வியாழக்கிழமை ஹபீப் தன் பார்வைமானியில் பார்த்துச் சொன்னான். "நாலு நாள்ல மொத்தம் அம்பத்தோரு விநாடிக்கா."

"பரவாயில்லையே!"

"அதுல நாப்பது விநாடி நீங்க."

அனுமதி வாங்காமல் பொதுச்சொத்தில் பெயின்ட் அடித்ததற்குச் சத்தியசீலன் சண்டைக்கு வருவார் என்று பயந்திருந்தாள். அவர் தினமும் அதன் பக்கத்தில்தான் நின்றார். கவனிக்கவே இல்லை. நன்றாக இருக்கும் ஒரு கதவை எந்த மனிதன் நின்று பார்ப்பான்? திறப்பான், மூடுவான், போவான்.

வெள்ளிக்கிழமை மறுபடி மறைகதவு, இந்தத் தடவை போலிப் பளிங்கில். அன்றைக்கு லோகித் குளியலறையைத் தேடித் தேடிக் கடைசியில் கூடத்து நடுவிலேயே நின்றுவிட்டான். மிருதுளா அலுவலகத்திலிருந்து வந்தபோது உடையெல்லாம் நனைந்து, மூலையில் உட்கார்ந்திருந்தான். அன்று அவன் கிண்டல் எதுவும் செய்யவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அவனைக் கழுவிவிட்டு, துணி மாற்றி, சோறு போட்டாள். பாதிச் சாப்பாட்டில் அவன் வாய் திறந்தான்.

"எங்க சைட்ல கண்ணாடி, கிரானைட்னு எழச்சு எழச்சுக் கட்டுவாங்க மிரு. ரோட்டுல போறவன் எதைப் பாப்பான் தெரியுமா?"

"எதை?"

"முன்னாடி தொங்கற திருஷ்டி பொம்மைய. பிதுங்கின கண்ணு, முறுக்கின மீசை, தொங்கற நாக்கு. இன்ஜினீயர் அழுவாரு." ஒரு வாய் சோற்றை உருட்டினான். "உன் பச்சைக் கதவுலயும் ஒண்ணை மாட்டிப் பாரேன்."

விளையாட்டாகத்தான் சொன்னான். மிருதுளா கை கழுவாமல் எழுந்தாள்.

*

கதவுக்குப் பெயின்ட் அடிக்கத்தான் தீர்மானம், கையெழுத்து, கூட்டம் எல்லாம். திருஷ்டி பொம்மை மாட்ட யாரும் அனுமதி கேட்பதில்லை, மாட்டியதை எடுக்க யாருக்கும் துணிச்சலும் வருவதில்லை. மீட்டர் அறைக் கதவில் அது தொங்கியது. காவி பூசிய பூசணி முகம், கொட்டைக் கண், கோரைப் பல், மார்புவரை தொங்கும் சிவப்பு நாக்கு.

"யாரும்மா இதை மாட்டினது?" என்றார் சத்தியசீலன், லிஃப்டைத் தவறவிட்டபடி.

"தெரியலியே சார்."

"நம்மையே பாக்குது பாருங்க. அந்தப் பக்கம் போனாலும் பாக்குது." அடுத்த லிஃப்டையும் தவறவிட்டார்.

பொம்மையைப் பார்க்கும் கண், கூடவே பச்சைக் கதவையும் பார்த்துத்தானே ஆக வேண்டும்? அதுதான் மிருதுளாவின் கணக்கு.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குச் சுவர் சிலிர்த்தது. பளிங்கு கரைந்தது. மிருதுளா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பச்சை வரவில்லை.

பால்கனிக் கதவு முழுக்க, ஆளுயரத்துக்கு, ஒரு முகம் விரிந்தது. கொட்டைக் கண். நாக்கு. குளியலறைக் கதவிலும் ஒன்று. படுக்கையறைக் கதவிலும். கீழே, மேலே, எதிரே, நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளிலிருந்தும் ஒரே சமயத்தில் அலறல் கேட்டது.

"இந்த வாரம் உங்கள் குடியிருப்பின் விருப்பம், கதவுமுகம்! இதுவரை இல்லாத வரவேற்பு! வாழ்த்துகள்!"

மிருதுளா தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். இருக்கிற கண்றாவி போதாதென்று இதையும் சேர்த்தாயிற்று.

"மிரு," என்றது லோகித்தின் குரல். அவன் இரண்டு கதவுகளுக்கும் முன்னால் நின்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். "இவனுக்கு நாக்கு இருக்கு. இவனுக்கு நாக்கு இல்ல, ஒத்தப் பல்லுதான். ஒரே மூஞ்சிய ரெண்டு தடவை போடாது போல."

"அதனால என்ன?"

"நாக்கு நீட்டினா நில்லு. ஒத்தப் பல்லுன்னா போ." துண்டைத் தோளில் போட்டான். ஒற்றைப் பல்லைத் தொட்டான். கதவு திறந்தது. உள்ளே குளியலறை.

மிருதுளா வெளியே உட்கார்ந்து, தண்ணீர் விழும் சத்தத்தை முழுசாகக் கேட்டாள்.

*

அடுத்த வெள்ளிக்கிழமையும் கதவுமுகமே வந்தது, அந்தந்தக் கதவில் அதே நாக்கும் அதே பல்லுமாக. அதற்கடுத்த வாரமும். நம்மையே முறைக்கும் ஒரு முகத்துக்கு மட்டும் கண் பழகவில்லை. கடக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுத் திட்டினார்கள், திட்டிவிட்டு இன்னொரு தரம் பார்த்தார்கள். பக்கத்துக் குடியிருப்புகளுக்கும் பரவியதாக ஹபீப் சொன்னான். கம்பெனியில் விருந்தாம்.

ஒன்பதாவது வாரம் சத்தியசீலன் வீட்டுக்கே வந்தார். முகம் வாடியிருந்தது.

"முடியலம்மா. எங்க பேத்தி பாத்ரூம் பக்கமே போகமாட்டேங்குது. என் பொண்டாட்டி கண்ணை மூடிட்டுதான் சமையல்கட்டுக்குள்ள போறா." குரலைத் தாழ்த்தினார். "எங்க மருமகன் ஒண்ணு சொல்றான். யாருமே கண்டுக்காம விட்டா, தானா போயிடுமாம். ஒரு வாரம் எல்லா வீட்டுலயும் அதைப் பாக்காம இருக்கலாம்னு சுற்றறிக்கை விடப் போறேன். நீங்க விவரமானவங்க. என்ன சொல்றீங்க?"

மிருதுளாவுக்கு அந்தக் குழந்தையைத் தெரியும். லிஃப்டில் கை ஆட்டும்.

உள்ளே லோகித் விசிலடித்துக்கொண்டே கூடத்தைக் கடந்தான். ஒற்றைப் பல்லைத் தொடாமலே, போகிற போக்கில் அதன் கன்னத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டுக் குளியலறைக்குள் போனான். நாலு நாளாக இப்படித்தான். வரைபடம் ஒட்டத் தொடங்கியிருந்தது. டாக்டர் கேட்ட ஆறு மாதத்தில் இன்னும் நாலு மாதம் பாக்கி.

"கண்டுக்காம விட்டா எப்படி சார்?" என்றாள். தன் குரல் இத்தனை இயல்பாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "கண்டுக்கலைன்னா பிடிச்சுப்போச்சுன்னுல்ல நெனச்சுக்கும்? பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு காட்டணும். நேரா நின்னு, நல்லா முறைக்கணும்."

சத்தியசீலன் யோசித்தார். "அதானே! நாமதான் எதுக்கும் எதிர்ப்பே காட்டறதில்ல!"

"சுற்றறிக்கைல அதைப் போடுங்க சார். தினம் பத்து நிமிஷம், குடும்பத்தோட. கொழந்தைங்க மட்டும் வேண்டாம்."

அவர் அப்போதே திரும்பி, அவள் வாசல் கதவின் முகத்தை இடுப்பில் கை வைத்து முறைக்க ஆரம்பித்தார்.

அவர் போன பிறகுதான் மிருதுளா அதைக் கவனித்தாள். அன்று காலையிலிருந்து அவள் அந்த முகங்களில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. லோகித்தும் பார்ப்பதில்லை. நன்றாக இருக்கும் ஒரு கதவை யார் நின்று பார்க்கிறார்கள்?

பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கீழ்த்தளத்தில் லிஃப்ட் நின்றது. பதினைந்து பேர் வேலைக்குப் போகும் அவசரத்தில், பொம்மை தொங்கும் மீட்டர் அறைக் கதவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியேறினார்கள்.

"ஏங்க," என்றாள் மிருதுளா சத்தமாக. "நேத்தைக்கு இன்னைக்கு நாக்கு கொஞ்சம் நீண்டிருக்கோ?"

பதினைந்து தலைகளும் திரும்பின.