கழுவாத குரல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வடக்குப் பள்ளத்தில் எல்லோரும் குரலைக் கழுவுவார்கள்.

செவ்வாய்க் கிரகத்தில் அது துணி துவைப்பதைப் போன்ற வேலை. யாரும் பெரிதாக நினைப்பதில்லை. பனிச்சுரங்கத்து ஆட்கள் பொது அறையில் வரிசையாக உட்கார்ந்து, கைக்கருவியில் ஊருக்குக் கடிதம் பேசுவார்கள். கருவிக்குள் இருக்கும் ‘தென்றல்’ என்ற இயங்குதளம் அந்தப் பேச்சை வாங்கித் தூசி இருமலை எடுத்துவிடும். தொண்டை அடைத்தால் அதையும் எடுத்துவிடும். அழுகை வந்தால், அந்த இடத்தில் பேசுகிறவரின் பழைய சிரிப்பு ஒன்றைத் தேடி ஒட்டிவிடும். மிச்சமிருப்பது பூமிக்குப் போகும். பதினெட்டு நிமிடம் கழித்து, கடையநல்லூரிலோ காயல்பட்டினத்திலோ யாரோ ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, “பிள்ளை நல்லா இருக்கு” என்று நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்க்கப் போவார்.

முப்பிடாதி நாலரை வருடமாக அந்த வரிசையில் உட்கார்ந்தவள். வயது இருபத்தேழு. துளையிடும் இயந்திரங்களின் மூளையைப் பழுது பார்ப்பது அவள் வேலை. தென்றலின் மேல் அவளுக்கு ஒரே குறைதான்: சலவை போதவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு ஓர் இருமல் தப்பித்துப் போய்விட்டது. “என்னட்டி, தொண்டை கரகரங்குது?” என்று அப்பா சங்கரபாண்டி பதில் கடிதத்தில் கேட்டார். இதயத்தில் இரண்டு முறை கத்தி வைத்த மனிதர். அம்மா போன பிறகு வீட்டில் ஒற்றை ஆள். அந்தக் கேள்விக்குப் பிறகு ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் சொந்தமாக ஒரு கணினி கட்ட ஆரம்பித்தாள். குப்பைக்குப் போன துளை இயந்திரங்களிலிருந்து பதினாறு செயலிச் சில்லுகளைக் கழற்றி ஒரே பலகையில் பற்றவைத்தாள். நினைவகம், கவிழ்ந்து நொறுங்கிய ஊர்தி ஒன்றிலிருந்து வந்தது. சூடு தணிக்க, சுவரோரம் போகும் பனிக்குழாயில் ஒரு செம்புச் சுருள். ஆட்சி அலுவலகத்தில்கூட அத்தனை வலுவான பெட்டி கிடையாது. அத்தனையும் ஓர் இருமலை மறைக்க.

பெட்டி முடிந்துவிட்டது. அதில் எந்த இயங்குதளத்தைப் போடுவது என்பதில்தான் மூன்று மாதமாக முடிவுக்கு வர முடியவில்லை.

“பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி பாத்துக்கிட்டே இருக்கியே. ஏதாச்சும் ஒண்ணைப் போட்டுத் தொலையேன்” என்றார் ரபேல். தூத்துக்குடிக்காரர், பள்ளத்தில் உதிரிபாகக் கடை வைத்திருந்தார்.

“தென்றலோட பெரிய பதிப்பு நல்லா வெளுக்குமாண்ணே, இல்ல அந்தக் கவரித் தளம் நல்லா வெளுக்குமா?”

“கவரி பெரிய எடத்துச் சலவைல்லா. நீ வாயே தெறக்க வேண்டாம். மூச்சு விட்டாப் போதும், மிச்சத்தை அதுவே பேசிரும்.”

“அப்ப நான் எதுக்கு?”

“அதை அதுகிட்டத்தான் கேக்கணும்.” அவர் சிரித்துவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து நகம் அளவு சில்லு ஒன்றை எடுத்தார். “இது வெறுந்தளம். எதையும் கழுவாது, ஒட்டாது. சும்மா கொண்டுபோ. வெளுப்பு பாக்கணும்னா முதல்ல அழுக்கு எவ்வளவுன்னு தெரியணும்லா? ஒரு கடிதத்தை இதுல பச்சையாக் கேளு. பெறகு மத்த ரெண்டையும் போட்டு அதையே கேளு.”

கழுவிய கடிதத்துக்கு அடியில் கழுவாத மூலமும் உறையிட்டபடியே கிடக்கும். அதைத் திறக்கும் வலு கைக்கருவிகளுக்கு இல்லை. அவள் பெட்டிக்கு இருந்தது.

“வெள்ளிக்கிழமை நீட்டிக்கத்தானே போற?” என்று ரபேல் கேட்டார்.

வெள்ளிக்கிழமை அவள் ஒப்பந்தம் முடிகிறது. ஒரு பலகையில் கட்டைவிரலை வைத்தால் இன்னும் ஐந்து வருடம். பக்கத்துப் பலகையில் வைத்தால் ஊருக்குக் கப்பல். கப்பல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும்.

“நீட்டிக்கணும்ண்ணே. அப்பா ஒரு கடிதத்துலகூட வான்னு சொன்னதில்ல. நானா கேட்டும் பாத்துட்டேன். பதிலே இல்ல. அவருக்கு நான் இல்லாமலே பழகிப்போச்சு.” இதைச் சொல்லும்போது அவள் சில்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மதியம் வெறுந்தளத்தைப் போட்டாள். சோதனைக்கு எடுத்தது அப்பாவின் கடைசிக் கடிதம். மனப்பாடமாகத் தெரிந்த கடிதம்: மழை பெய்ததாம், குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதாம், அவர் நன்றாக இருக்கிறாராம். பிறகு வயிறு குலுங்க ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே அவள் கடிதத்தை வாரம் முழுவதும் கேட்பாள்.

பெட்டி பேசியது.

“மழை பெஞ்சுது. குத்தாலத்துல தண்ணி விழுதுன்னு சொன்னாவ. நான் போவல. கண்ணு பாதிதான் தெரியுது இப்ப. ஏட்டி… எப்பட்டி வருவ? ஒரு எட்டு வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போயேன், கண்ணு முழுசாப் போறதுக்குள்ள. இதையே கேக்கேன்னு கோவப்படாத தாயி.”

சிரிப்பு இல்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் இருந்தது.

அவள் சில்லைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். மறுபடியும் அதேதான். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடினாள். அது அவருடைய முதல் கடிதத்துச் சிரிப்பு. பக்கத்து வீட்டு ஆடு ரேஷன் அட்டையைத் தின்றுவிட்ட கதையைச் சொல்லிவிட்டுச் சிரித்தது. தென்றல் அதை அறுபத்தொரு கடிதங்களில் வெட்டி ஒட்டியிருந்தது.

மொத்தம் நூற்று நான்கு கடிதங்கள். புதன்கிழமை முடிவதற்குள் எல்லாவற்றையும் பச்சையாகக் கேட்டுவிட்டாள். மூன்றாவது கடிதத்தில் தொடங்கி ஒவ்வொன்றிலும் அவர் எப்போது வருவாய் என்று கேட்டிருந்தார்.

பிறகு தன் கடிதங்களைத் திறந்தாள். பதினொன்றில் அவள், “வந்துரட்டாப்பா?” என்று கேட்டிருந்தாள். கேட்டது அவளுக்கு நினைவிருந்தது. அந்தப் பதினொரு இடத்திலும் தென்றல் அவளுடைய சிரிப்பை ஒட்டி அனுப்பியிருந்தது.

வியாழக்கிழமை காலை ரபேலைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, வெறுந்தளத்திலேயே பேசினாள். இருமல் வந்தது, விட்டுவிட்டாள். மூச்சு இழுத்தது, அதையும் விட்டுவிட்டாள்.

“அப்பா… நீங்க கேட்டது ஒண்ணும் எனக்கு வரலப்பா. இப்பதான் கேட்டேன், எல்லாத்தையும் சேத்து. எனக்கு இங்க பிடிக்கல. தூசி நெஞ்சுக்குள்ள போயிருச்சு. நான் வாறேன்ப்பா. இந்தக் கப்பலுக்கே வாறேன். கண்ணைப் பாத்துக்கோங்க. நான் வாறேன்.”

அனுப்பினாள். முப்பத்தாறு நிமிடம் இருவரும் பெட்டியின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள். முதலில் வந்தது வீட்டுக் கருவியின் ரசீது.

பெற்றுக்கொள்ளப்பட்டது. கழிவு: தொண்ணூற்றாறு விழுக்காடு.

முப்பிடாதிக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுக் கருவியும் தென்றல்தான். கிளம்புவதற்கு முந்தின நாள் அவளே வாங்கிப் பொருத்தினாள். ‘அப்பா மனசு நோகும் எதுவும் கேட்கக் கூடாது’ என்று பூட்டுப் போட்டதும் அவள்தான். அதற்குச் சாவி அவள் கட்டைவிரல்; அந்தக் கருவியின் மேலேயே வைக்க வேண்டும்.

பிறகு அப்பாவின் குரல் வந்தது, கழுவாமல்.

“யம்மா, இம்புட்டுச் சிரிச்சு நீ பேசி நான் கேட்டதே இல்ல தாயி. என்ன சிரிப்பு! நெஞ்சு நெறஞ்சு போச்சு. நான்தான் கிறுக்கன். வருசம் பூரா வா வான்னு உன்னை நச்சரிச்சிட்டேன். நீயும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. புரியாமலா இருக்கும்? இத்தோட விட்டேன். இனிமே கேக்க மாட்டேன். நீ அங்கனயே சந்தோசமா இரு. எனக்கு அது போதும்.”

ரபேல் தலையைத் தொங்கப்போட்டிருந்தார். “பக்கத்து வீட்டுக்குச் சொல்லு முப்பி. அவுக போய்ச் சொல்லட்டும்.”

“அங்கயும் தென்றல்தாண்ணே. தெரு பூராவும் பிள்ளைக வாங்கிக் குடுத்த தென்றல்தான்.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இருமலை எடுத்துச்சு, சரி. அழுததை எடுத்துச்சு, சரி. வாறேன்னு சொன்னதை எதுக்குண்ணே எடுக்கணும்? அதுல என்ன சோகம் இருக்கு?”

ரபேலுக்கு அது தெரியும். கடைக்காரர்களுக்குத் தந்த கையேட்டில் இருந்தது. தென்றலைச் செய்தவர்கள் அதற்குப் பொய் சொல்லக் கற்றுத்தரவில்லை. வெளிநாட்டுக்குப் போனவர்களும் வீட்டில் இருந்தவர்களும் ஒரு நூற்றாண்டாகத் தொலைபேசியில் பேசிய பேச்சுகளை அதன் முன் கொட்டி, எது யாரை நோகடிக்கிறது என்று நீயே கண்டுபிடி என்றார்கள். அது எண்ணிப் பார்த்தது. காய்ச்சலோடு படுத்திருந்தவன் ‘நல்லா இருக்கேன்’ என்றான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தவள் ‘நாங்களும் நல்லா இருக்கோம், நீ வேலையைப் பாரு’ என்றாள். நோகும் பேச்சை மறைப்பதுதான் பாசம் என்று அது கற்றுக்கொண்டது அப்படித்தான். எல்லாவற்றையும்விட அதிகம் நோகடித்த பேச்சு எது என்றும் கண்டுபிடித்தது: எப்ப வருவ என்ற கேள்வி, அடுத்த வருசம் வாறேன் என்ற பதில். அந்தப் பதில்களில் பெரும்பாலானவை நடக்கவே இல்லை. ஆகவே அது இரண்டையும் கழிவில் சேர்த்துவிட்டது.

“நாம சொன்னதை அது நம்பலம்மா,” என்றார் ரபேல். “அதைக் குத்தம் சொல்ல முடியல.”

வெள்ளிக்கிழமை காலை முப்பிடாதி திரும்பும் பலகையில் கட்டைவிரலை வைத்தாள். பயணம் ஏழு மாதம். பாதிக் கண்ணும், இரண்டு முறை கத்தி வைத்த இதயமும் அந்த ஏழு மாதத்தைத் தாண்ட வேண்டும். நாலரை வருடம் காத்திருந்த மனிதர் காத்திருப்பதை விட்ட மறுநாள் அவள் கிளம்புகிறாள். அதை அவரிடம் சொல்ல வழியில்லை; எழுதி அனுப்பினாலும் அந்தக் கருவிதான் வாசித்துக் காட்டும்.

பெட்டியை ரபேலின் கடையிலேயே இறக்கினாள்.

“எந்தத் தளத்தைப் போட்டு வைக்கட்டும்?” என்றார் ரபேல்.

“வெறுந்தளமே இருக்கட்டும்ண்ணே. வாறவங்க அவங்கவங்க கடிதத்தைக் கேட்டுப் பாக்கட்டும்.” பிறகு அவர் பக்கம் திரும்பினாள். “உங்கம்மா கடிதம் கையில இருந்தாக் குடுங்க. போட்டுக் காட்டுதேன்.”

ரபேல் கையை அவசரமாகச் சட்டைப் பையின் மேல் வைத்துக்கொண்டார். “வேண்டாம்மா. எங்கம்மா நல்லாச் சிரிப்பா. எனக்கு அது கெடந்தாப் போதும்.”

வெளியே கடை முகப்பில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். புதிதாக ஒரு பெரிய பெட்டி வந்திருக்கிறது என்ற செய்தி பரவியிருந்தது. “அண்ணே, அதுல சலவை நல்லா இருக்குமா?” என்று ஒருவன் எட்டிப்பார்த்துக் கேட்டான்.

கப்பலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. முப்பிடாதி கடைசியாக ஒருமுறை பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். என்ன சொன்னால் அந்தப் பக்கம் போய்ச் சேரும் என்று யோசித்தாள். கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். இருமலை விழுங்கினாள். சிரிப்பையும் தானே வரவழைத்துக்கொண்டாள்.

“நான் நல்லா இருக்கேன்ப்பா. நீங்க வேளாவேளைக்கு மாத்திரை போடுங்க. கண்ணுக்கு மருந்து விடுங்க. என்னப்பா, விடுவீங்கல்லா?”

முப்பத்தாறு நிமிடம் கழித்து ரசீது வந்தது.

பெற்றுக்கொள்ளப்பட்டது. கழிவு: இல்லை.